இரும்புக்கை மாயாவிக்குக் கை போனது எப்படி?



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையில், பொழுது விடியும் வேளையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கியபடி போவார்கள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் எதிர்த்திசையில் இருப்பார்கள். உங்களில் சிலருடைய அண்ணனோ அக்காவோ அந்தப் பஸ்ஸில் இருக்கக்கூடும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் மற்றொரு பெரிய கார் ஆலை திறக்கப்பட்டது. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சின்னதும் பெரியதுமான கம்பெனிகள் ஏராளமாக முளைத்தன. ஏரியும் வயலுமாக இருந்த இடங்கள் இன்று சிப்காட் வளாகங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு கார் ஆலையைப் பார்க்கப் போனேன். காரின் கூடு செய்யும் பகுதியில், கம்பி வேலிக்கு அப்பால், வரிசை வரிசையாக இரும்புக் கைகள். ஒன்று குனிகிறது, ஒன்று நிமிர்கிறது, ஒன்று மணிக்கட்டைத் திருப்பித் தகட்டைப் பிடிக்கிறது. இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவே தகடுகளை இறுக்கி, பத்தாயிரம் ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் பாய்ச்சுகிறது. தீப்பொறி சிதறுகிறது; தகடுகள் ஒட்டிக்கொள்கின்றன. மாணவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். எனக்கோ ஒரு சித்திரக்கதை நினைவுக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது.

இரும்புக்கை மாயாவி! உங்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் மலரும்.

"காமிக்ஸ் படித்தால் படிப்பு கெடும், அதில் வருவதெல்லாம் புளுகு" என்று பெரியவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்தக் கதைகளில் ஒரு குறை உண்டு. ஆனால் அது பெரியவர்கள் சொல்லும் குறை அல்ல. எனக்கே அது வெகுகாலம் புலப்படவில்லை. என் பழைய மாணவர் ஒருவர்தான் அதைக் காட்டிக் கொடுத்தார். அந்தச் சங்கதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் மாயாவியைப் பார்ப்போம்.

சிவகாசிக்கு வந்த வெள்ளைக்காரன்

1962 அக்டோபரில் இங்கிலாந்தில் 'வாலியண்ட்' என்ற சிறுவர் வார இதழ் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே 'எஃகுக் கை' என்று பொருள்படும் பெயரில் ஒரு தொடர் வந்தது. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ வரைந்தார். பின்னர் டாம் டல்லி என்பவர் கதையைத் தொடர்ந்து எழுதினார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1972 ஜனவரியில், சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழாக அந்தக் கதை தமிழில் வெளிவந்தது. 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நாவில் ஒட்டிக்கொண்டது. 1984இல் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் வந்தது. 1952இல் இங்கிலாந்தில் பிறந்த ஆர்ச்சி என்ற இயந்திர மனிதனும் தமிழ் பேசத் தொடங்கினான்.

கதை இதுதான். லூயிஸ் கிராண்டேல் என்பவன் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். விபத்து ஒன்றில் வலது கையை இழக்கிறான். கைக்குப் பதில் எஃகுக் கை பொருத்திக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறான். ஆய்வுக்கூடத்தில் மற்றொரு விபத்து. பெரும் மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. அவன் சாகவில்லை. மறைந்து போகிறான்! இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. சற்று நேரம் கழித்து உடல் மீண்டும் தெரிகிறது. மறுபடி மறைய வேண்டுமானால் மறுபடி மின்சாரம் வேண்டும். இரும்பு விரலை மின்சாரப் பிளக்கில் நுழைத்தால் போதும். முதலில் கெட்ட வழியில் போகும் அவன், பிறகு திருந்தி எதிரிகளைப் பிடிக்கும் உளவாளி ஆகிறான்.

எண்பதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை நூல் நிலையத்தில் இருபத்தைந்து காசு கொடுத்து இந்தக் கதைகளை நான் படித்தேன். அட்டை கிழிந்து, பல கை பட்டு, ஓரம் கறுத்த பிரதிகள்.

மறைந்தவனுக்குக் கண் தெரியுமா?

மனிதன் மறைய முடியுமா? முடியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் நமக்கு நஷ்டம். ஏன் முடியாது என்று கேட்டால்தான் பாடம் தொடங்குகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டிலிருந்து செயின்ட்-கோபைன் கண்ணாடி ஆலை இயங்கி வருகிறது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் சமதளத் தகடாக்குகிறார்கள். அந்தக் கண்ணாடியின் வழியே ஒளி தடையின்றிப் போகிறது. ஆயினும் கண்ணாடி நம் கண்ணுக்குத் தெரிகிறதே, எப்படி? அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, காற்றினுடையது 1. இந்த வேறுபாட்டால் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி திரும்பிவிடுகிறது. ஓரங்களில் ஒளி வளைகிறது. அதைக்கொண்டே கண்ணாடியைக் காண்கிறோம். அதே கண்ணாடியைப் பொடித்தால் வெள்ளை மாவு போல ஆகிறது. பரப்புகள் பெருகி, திரும்பும் ஒளியும் பெருகுவதே காரணம்.

வேறுபாட்டை நீக்கிவிட்டால்? உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் அனுமதியோடு இதைச் செய்து பாருங்கள். போரோசிலிகேட் சோதனைக் குழாய் ஒன்றைக் கிளிசரினால் நிரப்பி, கிளிசரின் உள்ள கண்ணாடி முகவையில் அமிழ்த்துங்கள். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் சுமார் 1.47. அமிழ்ந்த பகுதி காணாமல் போகும்! குழாயின் வாய் மட்டும், மாயாவியின் கை போல, வெளியே தெரியும்.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதனின் கதையில் இந்தத் தத்துவத்தைத்தான் கையாண்டார். உடலின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றுக்குச் சமமாக்கினால் மனிதன் மறைவான் என்பது அவருடைய கற்பனை. ருஷ்ய விஞ்ஞான எழுத்தாளர் பெரெல்மான் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: அப்படி மறைந்தவனுக்குக் கண் தெரியுமா? தெரியாது. கண்ணின் வில்லை ஒளியை வளைத்தால்தான் பிம்பம் விழும். விழித்திரை ஒளியை உட்கொண்டால்தான் பார்வை உண்டாகும். ஒளியை வளைக்காமலும் உட்கொள்ளாமலும் விட்டுவிடும் கண், கண்ணே அல்ல. ஆகவே நம் மாயாவி மறைந்த மறுகணமே குருடனாகிச் சுவரில் முட்டிக்கொண்டிருப்பான்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உணவுப் பண்டங்களுக்கு மஞ்சள் நிறம் ஊட்டும் டார்ட்ரசின் என்ற சாயத்தின் கரைசலை எலியின் தோலில் தடவியபோது, சற்று நேரத்துக்குத் தோலினூடே உள்ளுறுப்புகள் தெரிந்தன. கழுவியதும் தோல் பழையபடி ஆயிற்று. அந்தச் சாயம் திசுக்களில் உள்ள நீரின் ஒளிவிலகல் எண்ணை உயர்த்தி, சுற்றியுள்ள கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் எண்ணுக்கு அருகே கொண்டுபோனது; ஒளி சிதறுவது குறைந்தது. (நீங்கள் தடவிப் பார்த்துவிடாதீர்கள்! இது எலிகள்மேல் மட்டும் நடந்த சோதனை.) வெல்ஸின் கற்பனைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

எனவேதான் சொல்கிறேன்: மறைவது என்பது மன்னிக்கத்தக்க பொய். விஞ்ஞானக் கதைக்கு அப்படி ஒரு பொய்யை அனுமதிக்கலாம். அது கேள்விகளைக் கிளப்புகிறது. கேள்வி பாடத்துக்கு இட்டுச் செல்கிறது.

பிளக்கில் நுழைத்த விரல்

மின்சார விஷயம் அப்படியல்ல. இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கையில், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், மரப்பெஞ்சியின்மேல் ஏறி நின்றுகொண்டு, ஜியோமிதிப் பெட்டியிலிருந்த காம்பஸின் முனையைப் பிளக் துளையில் நுழைத்தேன். இடது கை சுவரில் ஊன்றியிருந்தது. மறையவில்லை. உதறி எறியப்பட்டுத் தரையில் விழுந்தேன். முழங்கை கிழிந்த தழும்பு இன்றும் இருக்கிறது. என்ன நடந்தது என்று அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை.

பிளஸ் ஒன் வகுப்பில் ஓமின் விதியை மறுபடி படித்தபோதுதான் எனக்கு வியர்த்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று கொள்ளலாம். வகுத்துப் பாருங்கள்: 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே சுருக்கென்று உணர்கிறோம். பத்தைத் தாண்டினால் தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். ஐம்பது, நூறு மில்லி ஆம்பியர் ஒரு நொடி இதயத்தின் வழியே போனால் அதன் துடிப்பு தறிகெட்டு உயிர் போகலாம். அதனால்தான் வீடுகளில் பொருத்தும் கசிவுத் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியரிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடுமாறு செய்யப்பட்டிருக்கிறது. அன்று கோடைக்காலம், சுவர் காய்ந்திருந்தது, காலின்கீழ் மரம் இருந்தது. அதனால் பிழைத்தேன். ஒரு கையில் நுழைந்து மறு கையால் வெளியேறும் மின்சாரம் மார்பைக் கடந்தே போக வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அது மழைக்காலமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

மாயாவியின் இரும்புக் கை அவனைக் காப்பாற்றுமா? இரும்பு நல்ல கடத்தி, காப்பாற்றாது. ஒரே இரும்பு விரல் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் மின்சாரம் விரலோடு சுற்றிக்கொண்டு பியூஸ் போய்விடும். அவன் மறையமாட்டான், வீடுதான் இருளில் மறையும். ஒரு முனையை மட்டும் தொட்டால் மின்சாரம் உடல் வழியே தரைக்குப் போகும். அவன் கதை முடிந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். உண்மையான செயற்கைக் கைகளிலும் மின்சாரம் இருக்கிறது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே சோவியத் நாட்டில் அப்படி ஒரு கை செய்தார்கள். எஞ்சியிருக்கும் கையின் தசை சுருங்கும்போது தோலின்மேல் உண்டாகும் மின்குறியை அது உணர்ந்து விரல்களை மூடித் திறக்கும். அந்தக் குறியின் அளவு சில மில்லி வோல்ட்டுகளுக்குள்தான். 230 வோல்ட்டை விழுங்கும் கற்பனைக் கையைவிட, ஆயிரத்தில் ஒரு பங்கு வோல்ட்டைக் காதில் வாங்கிக்கொள்ளும் உண்மைக் கை எவ்வளவு அதிசயமானது!

கதையிலிருந்து தொழிற்சாலைக்கு

மாயாவியைக் குறை சொல்லிக்கொண்டே போகிறேன் என்று நினைக்காதீர்கள். விஞ்ஞானக் கதை விஞ்ஞானத்துக்குச் செய்த உபகாரத்தையும் சொல்ல வேண்டும். 'ரோபோ' என்ற சொல்லையே நமக்குத் தந்தது செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகம். 1942இல் ஐசக் அசிமாவ் என்ற எழுத்தாளர் தம் கதையொன்றில் ரோபோக்களுக்கு மூன்று விதிகளை வகுத்தார். அவற்றில் முதலாவது, ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது. மனிதன் தீங்குறும்படி வாளாவிருக்கவும் கூடாது என்பது.

ஜோசப் எங்கல்பெர்கர் என்ற இளம் என்ஜினீயர் அந்தக் கதைகளில் ஊறியவர். ஜார்ஜ் டெவால் என்பவர் 1954இல் இயந்திரக் கை ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். 1956இல் இருவரும் சந்தித்தார்கள். விளைவு, 'யூனிமேட்'. 1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் அந்த இரும்புக் கை வேலைக்குச் சேர்ந்தது. அச்சிலிருந்து வரும் கொதிக்கும் உலோக வார்ப்புகளை எடுத்து அடுக்குவது அதன் வேலை; மனிதன் கை பொசுங்கும் வேலை. மறு ஆண்டுதான் 'வாலியண்ட்' இதழில் லூயிஸ் கிராண்டேல் தோன்றினான். ஒரகடத்தில் இன்று தீப்பொறி சிதறும் இரும்புக் கைகளெல்லாம் யூனிமேட்டின் பேரப்பிள்ளைகள். ஒரு கதையைப் படித்த இளைஞன் அது நடக்குமா என்று கேட்டதன் பயன் இது.

ஆனால் அசிமாவின் முதல் விதியை ஆலையிலுள்ள ரோபோ படித்ததில்லை. 1979 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வார்ப்பாலை ஒன்றில், பாகங்களை எடுக்க அடுக்கில் ஏறிய இளம் தொழிலாளியை ஒரு இயந்திரக் கை பின்னாலிருந்து மோதிக் கொன்றது. அதற்குக் கோபமும் இல்லை, பகையும் இல்லை. அங்கே ஒரு மனிதன் இருப்பதே அதற்குத் தெரியாது.

என் மாணவர் கேட்ட கேள்வி

இப்போது அந்தப் பழைய மாணவருக்கு வருகிறேன். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் படிப்பை நிறுத்திவிட்டு, உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் சேர்ந்தவர். பெயர் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். சில ஆண்டுகள் கழித்துக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்தார். பத்திரிகையை இடது கையில் வைத்து நீட்டினார். பெரியவர்களுக்கு இடது கையால் கொடுக்கிறாரே என்று நான் ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் வலது கையைப் பார்த்தேன். மூன்று விரல்கள் இல்லை.

பிரஸ் மெஷின். இரவு ஷிப்ட். தகட்டை வைக்க வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும், மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும், எடுக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்குள் ஆயிரக்கணக்கான தடவை. அந்த மெஷினில் லைட் கர்ட்டன் இருந்தது. ஆனால் அடிக்கடி குறுக்கிட்டு நிறுத்துகிறது, எண்ணிக்கை குறைகிறது என்று அதைச் செயலிழக்கச் செய்து வைத்திருந்தார்கள்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே பேச்சை மாற்றினார். "சார், கிளாஸ்ல இரும்புக்கை மாயாவி கதை சொல்லி ஷாக் பத்தி நடத்துவீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "அந்தக் கதையில அவனுக்குக் கை எப்படிப் போச்சுன்னு யாராவது விசாரிச்சாங்களா சார்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. பல வருஷம் அந்தக் கதையை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒளிவிலகல் கேட்டிருக்கிறேன், ஓமின் விதி கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.

நண்பர்களே, அந்தக் கால சாகசக் கதைகளின் பெருங்குறை இதுதான் என்று இன்று நான் கருதுகிறேன். அங்கே விபத்து ஒரு வரம். கை போனால் அடுத்த கட்டத்திலேயே அதைவிட வலிய கை வந்துவிடுகிறது. மின்சாரம் தாக்கினால் சக்தி பிறக்கிறது. விபத்து ஏன் நடந்தது, எவ்வாறு தடுத்திருக்கலாம் என்று ஆய்வுக்கூடத்துப் பேராசிரியரே கேட்பதில்லை. காரணம் கேட்பதுதான் விஞ்ஞானம் என்றால், கதையில் விஞ்ஞானம் இருக்க வேண்டிய இடமே காலியாக இருக்கிறது.

வாகன உதிரிபாகத் தொழிலில் விரலும் கையும் இழந்தவர்களைப் பற்றி, ஹரியானாவின் குருகிராம்–மானேசர் பகுதியில் பணியாற்றும் 'சேஃப்டி இன் இந்தியா' என்ற தொண்டு நிறுவனம் 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. கைகளை நசுக்குவதில் பவர் பிரஸ் முன்னணியில் இருப்பதாக அவை காட்டுகின்றன. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு போட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஆகவே இது புதிய அறிவு அல்ல.

கண்ணுக்குத் தெரியாத காவலன்

லைட் கர்ட்டன் என்றேனே, அதை ஒளித்திரை எனலாம். அது என்ன? இயந்திரத்தின் முன்னால் இருபுறமும் இரண்டு தூண்கள். ஒரு தூணில் வரிசையாக அகச்சிவப்பு விளக்குகள். எதிர்த்தூணில் அவற்றைப் பார்க்கும் உணரிகள். இடையே நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கதிர்கள் ஓடிக்கொண்டிருக்கும். கை குறுக்கே போனதும் கதிர் அறுபடும். உடனே இயந்திரம் நிற்கும்.

இதை எங்கே வைப்பது? நீங்களே கணக்குப் போடலாம். நீளும் கையின் வேகத்தை நொடிக்கு 2 மீட்டர் என்று என்ஜினீயர்கள் கொள்கிறார்கள். பிரஸ் நிற்க 0.2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கை 2 × 0.2 = 0.4 மீட்டர் போய்விடும். ஆகவே ஒளித்திரை அச்சிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பிரேக் தேய்ந்து, நிற்க 0.3 நொடி ஆனால்? 60 சென்டிமீட்டர் வேண்டும். திரை பழைய இடத்திலேயே இருந்தால் இருந்தும் பயனில்லை. எட்டாம் வகுப்பில் படித்த 'தூரம் = வேகம் × நேரம்' என்ற சூத்திரம் ஒருவருடைய விரல்களின் அளவுக்குக் கனமானது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரு கைப் பொத்தானும் அப்படியே. இரண்டு பொத்தான்களைத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும் என்று செய்துவிட்டால், கை எதுவும் அச்சின்கீழ் இருக்காது. ஒன்றில் டேப் ஒட்டி ஏமாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டையும் விட்டுவிட்டு, அரை நொடிக்குள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இயங்கும் என்று மின்சுற்றை அமைத்தால் அந்த ஏமாற்றும் பலிக்காது. அசிமாவின் முதல் விதி ஆலையில் இப்படித்தான் எழுதப்படுகிறது: வேலியாக, பூட்டாக, மின்சுற்றாக. அதை எழுதுவதும் மனிதர். எண்ணிக்கைக்காக அழிப்பதும் மனிதர்.

ஒரு வேடிக்கையான வினா. மாயாவி மறைந்த நிலையில் ஒளித்திரைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? அவன் உடல் அகச்சிவப்பையும் விட்டுவிடுமானால் இயந்திரம் நிற்காது. ஒளித்திரைக்கு அவன் இல்லாதவன். இரும்புக் கை நுழைந்தால்தான் நிற்கும். அவனுடைய எஃகைக் காப்பாற்றும், சதையைக் காப்பாற்றாது! யோசித்துப் பார்த்தால் இது முழுக்கக் கற்பனையும் அல்ல. காப்பை அணைத்துவிட்ட இயந்திரத்தின் முன் நிற்கிற ஒவ்வொரு தொழிலாளியும் அந்த இயந்திரத்துக்கு மாயாவிதான்.

உங்களிடம் நான் கேட்பது

காமிக்ஸ் படியுங்கள். பழைய மாயாவி கதைகள் கிடைத்தால் விடாதீர்கள். நானும் படிப்பேன். ஆனால் படித்து முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கதை எந்தப் பொய்யைக் கடனாகக் கேட்கிறது? அதைக் கொடுத்துவிட்டால் மற்றவை ஒழுங்காக நடக்கின்றனவா? கதையில் அடிபட்டவருக்கு அது ஏன் நேர்ந்தது?

முதல் இரண்டு கேள்விகளும் உங்களுக்கு மதிப்பெண் தரும். மூன்றாவது தராது, எந்தத் தேர்வுத்தாளிலும் அதை நான் பார்த்ததில்லை. ஆயினும் ஐந்தாறு ஆண்டுகளில் உங்களில் பலர் ஐ.டி.ஐ., டிப்ளமோ, என்ஜினீயரிங் முடித்து அந்தக் கம்பெனி பஸ்களில் ஏறப்போகிறீர்கள். சிலர் பிரஸ்ஸின் முன் நிற்பீர்கள். சிலர் அதன் சாவியைக் கையில் வைத்திருக்கும் சூபர்வைசர் ஆவீர்கள். "அண்ணே, இதை ஏன் ஆஃப் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்கும் பழக்கம் அன்றைக்குத் திடீரென்று வந்துவிடாது. இன்றே, கதை படிக்கும்போதே, அதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. உங்களில் படம் வரைகிறவர்கள், கதை எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். லண்டனும் நியூயார்க்கும் போதும். ஒரகடத்தில் நடக்கும் ஒரு விஞ்ஞானக் கதையை நீங்கள் எழுதுங்கள். இரவு ஷிப்ட், மழை, மின்தடை, வழி தவறிய ரோபோ என்று எது வேண்டுமானாலும் வரட்டும். கதாநாயகி சாதாரண மனுஷியாக, இரண்டு கையும் முழுதாக உள்ளவளாக இருக்கட்டும். கடைசிப் பக்கத்திலும் அவளுக்கு இரண்டு கையும் இருக்கட்டும்.

அந்தக் கதையை என் பழைய மாணவருக்கு நான் வாங்கி அனுப்புவேன்.